பி365-ல பார்ட்ஸ் மாத்தினதுக்கு அப்புறம் மக்கர் பண்ணுதா? கடைசியா கை வச்சது எதுன்னு பாருங்க

ஹூஸ்டன் பக்கம் சனிக்கிழமை காலைல துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போனா யாராவது ஒருத்தர் பிஸ்டலை நீட்டி "கொஞ்சம் என்னன்னு பாரேன்"னு சொல்லாம இருக்க மாட்டாங்க. நான் துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித் கிடையாது, கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா சிக் சாவர் கம்பெனியோட பி365 பிஸ்டலை நாலஞ்சு வருஷமா இடுப்புல வச்சிருக்கேன், அதுல நானே பண்ணாத கோளாறு இல்ல, அதனால மத்தவங்களோடது பாத்ததும் பாதி புரிஞ்சிடும். எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான், கடைசியா கை வச்சது எது? அதைக் கழட்டிட்டு கம்பெனி பார்ட்டை மாட்டுங்க, பத்துல ஏழு எட்டு கேஸ் அங்கயே முடிஞ்சிடும். ஒரே நாள்ல கிரிப், ட்ரிகர், ஸ்ப்ரிங், ரெட் டாட் (குறி பாக்க மேல மாட்டற, சிவப்புப் புள்ளி தெரியற கண்ணாடி)னு நாலும் மாத்திட்டு வந்து நிக்கறவரைத்தான் என்னால காப்பாத்த முடியாது, எது மக்கர்னு கடவுளுக்கே தெரியாது.

இந்த மாடல் 2018-ல வந்துச்சு, அந்த சின்ன உடம்புல 10 தோட்டா பிடிக்குதுங்கறதுதான் அப்ப பெரிய பேச்சு. அப்புறம் எக்ஸ்எல், எக்ஸ், எக்ஸ்மேக்ரோன்னு குடும்பம் வளந்துடுச்சு. இங்க சட்டப்படி துப்பாக்கின்னா உள்ள இருக்கற சீரியல் நம்பர் போட்ட ஃபயர் கண்ட்ரோல் யூனிட் (ட்ரிகர் பாகங்கள் இருக்கற உள் யூனிட்) மட்டும்தான், வெளிய இருக்கற கிரிப் மாட்யூல் (கைப்பிடி), ஸ்லைடு (மேல முன்ன பின்ன ஓடற பாகம்), பேரல் (குழல்) எல்லாம் சும்மா பார்ட்ஸ், பார்சல்ல வீட்டு வாசலுக்கே வந்துடும். ஆளாளுக்கு மாத்துறதும் அதனாலதான், மக்கர் வர்றதும் அதனாலதான்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு இதை சொல்லியே ஆகணும். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1-லேருந்து 21 வயசு ஆன, சட்டத்தடை எதுவும் இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு ஆயிடுச்சு, அதைக் கேட்டுட்டு எச்-1பி-ல இருக்கற பசங்களும் ஆசைப்படறாங்க. மத்திய சட்டம் வேற, எச்-1பி மாதிரி விசால இருக்கறவங்க பொதுவா துப்பாக்கியும் தோட்டாவும் வச்சுக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, அதை நம்பி எறங்கறதுக்கு முன்னாடி லாயரைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல.

எதைத் தொடறதுக்கு முன்னாடியும்

மேகசினை (தோட்டா அடுக்கற பெட்டி) முதல்ல கழட்டுங்க, அப்புறம்தான் ஸ்லைடை இழுக்கணும், மாத்திப் பண்ணா சேம்பர்ல (பேரலோட பின்னாடி தோட்டா உக்கார்ற இடம்) புதுத் தோட்டா ஏறிடும். மூணு தடவை இழுத்து, பின்னாடி நிறுத்தி, கண்ணால பாத்து, சுண்டுவிரலை சேம்பர்க்குள்ள விட்டுத் தடவிப் பாருங்க. தோட்டா எல்லாம் வேற ரூம்ல இருக்கணும். வீட்ல டெஸ்ட் பண்ண ஸ்னாப் கேப்னு டம்மி தோட்டா விக்குது, அது மட்டும்தான் மேஜை மேல. ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கக் கலக்கத்துல இந்த வேலை வேண்டாம்.

மேகசின் காலியாச்சு, ஆனா ஸ்லைடு பின்னாடி நிக்கல

அடிக்கடி வர்ற புகார் இதுதான். மேகசின் காலியானதும் ஸ்லைடைப் பின்னாடி பிடிச்சு நிறுத்தற ஸ்லைடு கேட்ச் லீவர் சின்னது, நம்ம கட்டைவிரல் நேரா அது மேலதான் உக்காரும், விரல் அழுத்திட்டிருந்தா லீவர் எப்படி மேல வரும்? வேற யார்கிட்டயாவது குடுத்து சுடச் சொல்லுங்க. அவங்க சுட்டா நிக்குது, நீங்க சுட்டா நிக்கலன்னா துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, பிடியை மாத்துங்க.

யார் சுட்டாலும் நிக்கலன்னா அடுத்தது மேகசின். மேகசின் எல்லாத்துக்கும் அடியில பெயின்ட் பேனாவால 1, 2, 3-ன்னு நம்பர் போடுங்க, ரெண்டு டாலர் செலவு, இதுவரைக்கும் நான் வாங்கின எந்த டூலும் இவ்வளவு உபயோகமா இருந்ததில்ல. 2-ம் நம்பர்ல மட்டும் வருதுன்னா அந்த மேகசின் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், இல்ல அடியில கூடுதலா ரெண்டு தோட்டா பிடிக்கறதுக்கு எக்ஸ்டென்ஷன் மாட்டியிருப்பீங்க, அதோட வந்த ஸ்ப்ரிங்குக்கு கடைசில லீவரைத் தூக்கற தெம்பு இருக்காது. கம்பெனி அடித்தட்டையும் ஸ்ப்ரிங்கையும் திரும்பப் போட்டுப் பாருங்க. எல்லா மேகசின்லயும், எல்லார் கையிலயும் நிக்கலன்னா ஸ்லைடு கேட்ச் தேஞ்சிருக்கலாம் இல்ல அதோட ஸ்ப்ரிங் நகர்ந்திருக்கலாம், அது உள் யூனிட் சமாச்சாரம், கன்ஸ்மித்கிட்ட போங்க.

*தோட்டா மிச்சம் இருக்கும்போதே ஸ்லைடு நின்னுடுதா?* இது தலைகீழ் கேஸ், சுடும்போது வர்ற உதையில (ரிகாயில்) உங்க விரல் லீவரைக் கீழேருந்து மேல தள்ளுது. மறுபடியும் பிடிதான். சின்ன கிரிப்லேருந்து எக்ஸ்மேக்ரோ கிரிப்புக்கு மாறினவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் இது வரும், கை பழகிடும்.

தோட்டா பாதியில மாட்டுது, ஸ்லைடு முழுசா மூடல

தோட்டா மூக்கு கீழ குத்திட்டு நிக்குதுன்னா மேகசின். நம்பரைப் பாருங்க. புது மேகசின்ல ஃபுல்லா நிரப்பி ஒரு வாரம் வச்சுட்டு எடுத்தாலே சிலது சரியாயிடும், ஏன்னு என்னைக் கேக்காதீங்க.

தோட்டா உள்ள போயிடுச்சு ஆனா ஸ்லைடு ஒரு நூல் அளவு மூடாம நிக்குதுன்னா வரிசையா இப்படிப் பாருங்க. மொதல்ல அழுக்கு. இடுப்புல வச்சு நடக்கற துப்பாக்கில பனியன் பஞ்சு, வியர்வை, உப்பு எல்லாம் சேரும், கழட்டித் தொடச்சு ஸ்லைடு ஓடற தடத்துல நாலு இடத்துல நாலே சொட்டு எண்ணெய் விட்டாப் போதும், தலைக்குத் தேய்க்கற மாதிரி ஊத்தாதீங்க. ரெண்டாவது, ஸ்லைடை கையால மெதுவா கொண்டு போய் மூடற பழக்கம், அதை விடுங்க, இழுத்து விட்டுடணும், ஸ்ப்ரிங் பாத்துக்கும். மூணாவது ஸ்லைடை முன்னாடி தள்ற ரிகாயில் ஸ்ப்ரிங், மேனுவல்ல எத்தனை ரவுண்டுக்கு ஒரு தடவை மாத்தணும்னு போட்டிருக்கும், சின்ன பிஸ்டல்ல ஸ்ப்ரிங் சீக்கிரம் சோர்ந்திடும், யாரும் கணக்கு வைக்கறதில்ல. நான் போன்ல நோட்ஸ்ல எழுதி வைக்கறேன். வேற கம்பெனி ஸ்ப்ரிங் போட்டிருந்தீங்கன்னா... கடைசியா கை வச்சது எது?

நாலாவது எனக்கே ஆனது. ரெட் டாட் மாட்டின அன்னிலேருந்து காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட கூடு) சரியா வெளிய வரல, அடுத்த தோட்டாவும் மூடல, ரெண்டு வாரம் தோட்டாவைத் திட்டினேன், அந்தக் கூட்டை வெளிய இழுக்கற எக்ஸ்ட்ராக்டரைத் திட்டினேன், கடைசில பாத்தா கூட வந்த ஸ்க்ரூ ஒரு அரை மில்லிமீட்டர் நீளம். பல ஸ்லைடுகள்ல அந்த ஸ்க்ரூ துளைக்கு அடியிலதான் எக்ஸ்ட்ராக்டர் பக்கத்து வேலைகள் ஓடும், ஸ்க்ரூ நுனி இறங்கி அழுத்தினா அது அசையாது. டாட்டைக் கழட்டிட்டு சுட்டுப் பாருங்க, சரியாச்சுன்னா ஸ்க்ரூதான். அந்த மவுண்டுக்குன்னு சொன்ன நீளத்துல வாங்குங்க.

இது நாலும் இல்லன்னா கன்ஸ்மித். எக்ஸ்ட்ராக்டரை நீங்களே அரம் போட்டுத் தேய்க்காதீங்க.

க்ளிக்னு சத்தம் மட்டும் வருது, வெடிக்கல

முதல்ல ஒண்ணும் பண்ணாதீங்க. முனையை டார்கெட் பக்கமே வச்சு முப்பது செகண்ட் எண்ணுங்க, லேட்டா வெடிக்கற தோட்டா அபூர்வம்தான், ஆனா உண்டு. அப்புறம் வெளிய எடுத்து பின்புறம் நடுவுல இருக்கற பிரைமரை (அடி வாங்கி மருந்தைப் பத்த வைக்கற சின்ன வட்டம்) பாருங்க.

வெளிய எதுவுமே வரலன்னா சேம்பர்ல தோட்டாவே ஏறல, தோட்டா வந்து அதுல பள்ளமே இல்லன்னா ஸ்லைடு முழுசா மூடாம இருந்திருக்கலாம், மேல இருக்கற தலைப்புக்குப் போங்க. நல்ல ஆழமான பள்ளம் இருக்குன்னா தோட்டா மேல தப்பு, அந்த டப்பாவைத் தனியா வச்சுட்டு வேற பிராண்ட் போட்டுப் பாருங்க. தொட்டும் தொடாத மாதிரி லேசான பள்ளம்னா அடி பத்தல. ஸ்ட்ரைக்கர் (பிரைமரை அடிக்கற ஊசி) ஓடற குழாய்க்குள்ள எண்ணெய் விட்டிருக்கீங்களா? அங்க எண்ணெயே போகக் கூடாது, எண்ணெயும் கரியும் சேந்து களி மாதிரி ஆகி ஸ்ட்ரைக்கரை மெதுவாக்கிடும். அதுவும் இல்லன்னா "ட்ரிகர் லேசாகும்"னு சொல்லி வித்த ஸ்ப்ரிங் கிட்டை மாட்டியிருப்பீங்க. ட்ரிகர் லேசாகும், உண்மைதான், கூடவே அடியும் லேசாகும். ரேஞ்சுல பேப்பரைச் சுடற துப்பாக்கில அதோட விளையாடலாம், உயிருக்குன்னு வச்சிருக்கறதுல கம்பெனி ஸ்ப்ரிங்கே இருக்கட்டும், இதுல நான் பிடிவாதம்தான்.

*டப்புனு சத்தம் கம்மியா வந்து, உதையும் கம்மியா இருந்துச்சா?* அங்கயே நிறுத்துங்க. ட்ரிகர்ல விரல் போகவே கூடாது. மருந்து சரியா எரியாம குண்டு பேரல்லயே மாட்டியிருக்கலாம், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு சுட்டா பேரல் கிழிஞ்சு கையும் போகும். காலி பண்ணி ரேஞ்ச் ஆஃபீசரைக் கூப்பிடுங்க. குண்டு உள்ள இருந்தா வீட்டுக்குக் கொண்டு வந்து சுத்தியலால தட்டற வேலையெல்லாம் வேண்டாம், அங்கேருந்தே கன்ஸ்மித்.

கிரிப் மாட்யூல் மாத்தினேன், ட்ரிகர் செத்துப் போச்சு இல்ல மேகசின் நிக்கல

முக்கால்வாசி நேரம் உள் யூனிட் முழுசா உக்காராததுதான் காரணம். கழட்டி மறுபடி போடுங்க, துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்பற டேக்டவுன் லீவர் வலுக்கட்டாயமில்லாம உள்ள போகணும், அழுத்தித் திணிச்சு போச்சுன்னா எங்கயோ தப்பு. அடுத்தது ட்ரிகர் பார், வலது பக்கத்துல ஓடுற அந்த கம்பி புது கிரிப்போட உள் சுவர்ல உரசுதான்னு பாருங்க, பிளாஸ்டிக்ல பளபளன்னு கோடு விழுந்திருக்கும். அந்த கிரிப்பைத் திருப்பி அனுப்பிடுங்க, அதைச் சுரண்டி சரி பண்றேன்னு உக்காராதீங்க. மேனுவல் சேஃப்டி (கையால போடற பூட்டு) இருக்கற மாடலா? அப்ப அதுக்கு வெட்டு விட்ட கிரிப் வேணும், சாதா கிரிப்ல மாட்டாது.

மேகசின் நிக்கலன்னா இது ரொம்ப எளிசு, ஆனா எத்தனை பேர் ஏமாந்திருக்காங்க. மேகசின் கேட்ச் (மேகசினைப் பிடிச்சு நிறுத்தற கொக்கி) கிரிப்போட சேந்தது, தனி கிரிப் வாங்கும்போது பல சமயம் அது கூட வராது. அப்புறம் உயரம், பெரிய கிரிப்ல பழைய குட்டி 10 தோட்டா மேகசின் எட்டாது, கேட்ச் பிடிக்கற பள்ளம் கீழயே நின்னுடும். எக்ஸ்எல் கிரிப்புக்கு 12, எக்ஸ்மேக்ரோவுக்கு 17, அந்தந்த உயரத்து மேகசின் வேணும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி பக்கம் போறவங்க 10-க்கு மேல பிடிக்கற மேகசினைத் தூக்கிட்டுப் போகாதீங்க, அங்க அது குற்றம்.

மாட்டின பிறகு காலித் துப்பாக்கில ஸ்லைடை இழுத்து விட்டு, ட்ரிகரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மறுபடி இழுத்து விட்டு, மெதுவா விரலை விடுங்க, ட்ரிகர் அடுத்த சூடுக்குத் தயாராகற (ரீசெட்) க்ளிக் கேக்கணும். பத்து தடவை பண்ணி அதுல ஒரு தடவை கேக்கலன்னாலும் அதை இடுப்புல வைக்காதீங்க. ட்ரிகர் அழுத்தாமலே ஸ்ட்ரைக்கர் விழற மாதிரி ஒரு தடவை சந்தேகம் வந்தாலும் போதும், கம்பெனிக்கோ கன்ஸ்மித்துக்கோதான், இதுல நாமளே பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பெரிய அண்ணன் பி320-ஐ பழசா வாங்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும், கீழ விழுந்தா சில கோணத்துல சுடுதுன்னு தெரிஞ்சு 2017 ஆகஸ்ட்ல கம்பெனி ஒரு அப்கிரேடு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி செஞ்ச துப்பாக்கின்னா அந்த வேலை முடிஞ்சிருக்கான்னு சீரியல் நம்பர் குடுத்துக் கேட்டுக்குங்க.

ரெட் டாட் படுத்துது

*நேத்து நடுவுல பட்டது, இன்னிக்கு ஒதுங்கிப் படுது.* ஸ்க்ரூ லூஸ். வேற எதையும் யோசிக்காதீங்க, மொதல்ல அதைப் பாருங்க. மாட்டும்போதே ஸ்க்ரூவையும் துளையையும் ஆல்கஹால்ல எண்ணெய் போகத் தொடச்சு, நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழராம பிடிக்கற பசை) ஒரு துளி போட்டு, அளவு வச்சு இறுக்கற டார்க் ரெஞ்சுல மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கணும், பெரும்பாலும் 10-லேருந்து 15 இன்ச்-பவுண்டுக்குள்ள இருக்கும். கை பலத்துல இறுக்கினா தலை மழுங்கும், சிவப்பு லாக்டைட் போட்டா சூடு பண்ணாத்தான் வரும். ஒரு நாள் காய விடுங்க. ஸ்க்ரூ தலைலேருந்து பாடி வரைக்கும் பெயின்ட் பேனாவால ஒரு கோடு இழுங்க, கோடு ஒடிஞ்சிருந்தா ஸ்க்ரூ திரும்பிடுச்சுன்னு அர்த்தம், தினமும் காலைல ஒரு பார்வைல தெரிஞ்சிடும். இறுக்கமாவே இருக்குன்னா அடித்தளத்தைப் பாருங்க. பி365 எக்ஸ், எக்ஸ்எல் ஸ்லைடு ஷீல்டு கம்பெனியோட ஆர்எம்எஸ்சி டாட் அச்சுக்கு வெட்டினது, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கற வேற டாட்டை அடாப்டர் தட்டு இல்லாம மாட்டினா ஸ்க்ரூ மட்டுமே அத்தனை உதையும் தாங்கும், ஒரு நாள் விட்டுடும். எல்லாம் சரியா? தோட்டா பிராண்ட் மாத்தினீங்களா? அதுவும் இல்லன்னா, மன்னிக்கணும், நீங்கதான். வலது கைக்காரங்க ட்ரிகரைப் பிடுங்கினா இடது கீழ படும், மணல் மூட்டை மேல வச்சு அஞ்சு சுட்டுப் பாருங்க, உண்மை தெரிஞ்சிடும்.

*புள்ளி வட்டமா இல்ல, கமா மாதிரி, வால் முளைச்ச மாதிரி தெரியுது.* போன் கேமராவை வச்சுப் பாருங்க. கேமராவுக்கு வட்டமா தெரிஞ்சா டாட் நல்லாத்தான் இருக்கு, உங்க கண்ணுக்கு அஸ்டிக்மேடிசம் (கண்ணோட வளைவுக் கோளாறு), போக வேண்டியது கண் டாக்டர்கிட்ட. வெளிச்சத்தைக் குறைச்சாலும் கொஞ்சம் சரியாகும். கேமராலயும் கோணலா தெரிஞ்சா புள்ளியை வீசற எமிட்டர் மேல பஞ்சு உக்காந்திருக்கும், காது குடையற காட்டன் பட்ஸ் போதும்.

*புள்ளியே இல்ல.* பேட்டரி. வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்தநாள் அன்னிக்கு மாத்திடுங்க, எனக்கு பொங்கல். பேட்டரி அடியில இருக்கற மாடல்னா கழட்டி மாட்டின பிறகு மறுபடி ஜீரோ பண்ணணும், அதாவது குண்டு படற இடத்துக்குப் புள்ளியைச் சரி பண்ணணும். அப்புறம் இந்த ஊர் ஸ்பெஷல் ஒண்ணு, ஆகஸ்ட்ல ஏசி கார்லேருந்து இறங்கினதும் கண்ணாடி பூரா ஆவி பிடிச்சு ஒண்ணுமே தெரியாது, மூக்குக் கண்ணாடிக்கு என்ன ஆகுதோ அதேதான். ஆன்டி ஃபாக் துணி ஓரளவு கேக்கும். டாட் கண்ணாடி வழியா தெரியற மாதிரி இரும்பு சைட்டும் வச்சிருங்க.

காலி கேஸ் நெட்டுக்குத்தலா ஸ்லைடுல மாட்டி நிக்குது

மணிக்கட்டு தளர்வு, இல்ல காம்பன்சேட்டர் (உதையைக் குறைக்கற பாகம்). முனைல காம்பன்சேட்டர் மாட்டினா வாயு மேல போயிடும், ஸ்லைடைப் பின்னாடி தள்ற வேகம் குறையும், அதோட மலிவான 115 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) தோட்டா சேந்தா தகராறுதான். கொஞ்சம் வீரியமான 124 கிரெய்ன் போட்டுப் பாருங்க. சரியாகலன்னா காம்பன்சேட்டரைக் கழட்டுங்க. இந்த சைஸ் பிஸ்டலுக்கு அது தேவையான்னு எனக்கு சந்தேகம்தான், பாக்க அழகா இருக்கும்.

இடுப்புல நிக்கல, குத்துது, சட்டைக்கு வெளிய துருத்துது

பிடி துருத்துதுன்னா மொதல்ல பெல்ட், சாதா ஆஃபீஸ் பெல்ட் வளைஞ்சு கொடுக்கும். அப்புறம் கிளா, ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறை) பெல்ட்டை ஒட்டி ஒரு சின்ன கொக்கி, பெல்ட் அதை அழுத்தும்போது பிடி உள்பக்கம் சாயும். வயித்துல குத்துதுன்னா ஹோல்ஸ்டர் பின்னாடி ஃபோம் துண்டு ஒட்டுங்க. தொப்பைக்கு ஃபோம் தீர்வு இல்ல, அனுபவம்.

தலைகீழாப் பிடிச்சு லேசா ஆட்டினா (காலித் துப்பாக்கில, கட்டில் மேல) விழுதா? உறையோட பிடிமானத்தைச் சரி பண்ற ரிடென்ஷன் ஸ்க்ரூவை கால் திருப்பு திருப்புங்க. துப்பாக்கில டார்ச் லைட் மாட்டினதுக்கு அப்புறம் பழைய ஹோல்ஸ்டர்ல ஒழுங்கா போகலன்னா ஹேர் ட்ரையர் வச்சு இளக்கி வளைக்கற வேலை வேண்டாம், எந்த லைட்டோ அதுக்குன்னு செஞ்ச ஹோல்ஸ்டர்தான் வாங்கணும், ட்ரிகர் முழுசா மூடி இருக்கணும், விரல் நுழையற இடைவெளி தெரிஞ்சா குப்பைல போடுங்க. உள்ள வைக்கும்போது குனிஞ்சு பாத்து வைங்க, ஜாக்கெட் கயித்து நுனில இருக்கற பிளாஸ்டிக் குமிழ் ட்ரிகரைச் சுத்தி இருக்கற வளையத்துக்குள்ள போச்சுன்னா அது விரல் மாதிரியேதான் அழுத்தும். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டி கட்டிட்டுப் போற அன்னிக்கு நான் வீட்டு சேஃப்லயே வச்சுட்டுப் போயிடுவேன், வேட்டிக்கு அந்த பெல்ட் நிக்காது, கோயிலுக்கு இது எதுக்கு.

தினமும் ஏத்தி இறக்கற தோட்டா குட்டையாத் தெரியுது

ராத்திரி இறக்கி காலைல அதே தோட்டாவை சேம்பர்ல ஏத்தறோம் இல்ல, ஒவ்வொரு தடவையும் மூக்கு இடிச்சு குண்டு கேஸுக்குள்ள ஒரு மயிரிழை இறங்கும். அப்படியே சுட்டா அழுத்தம் எகிறும். அதே டப்பாவிலேருந்து புதுசு ஒண்ணை எடுத்து பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, கண்ணுக்கே குட்டையாத் தெரிஞ்சா அதைச் சுடாதீங்க, ரேஞ்சுல பழுதான தோட்டா போடற டப்பாவுல போட்டுடுங்க. முடிஞ்சா ஹோல்ஸ்டரோடயே கழட்டி பூட்டின பெட்டில வச்சுடுங்க, ஏத்தி இறக்கற வேலையே குறையும்.

பையைக் குலுக்கினா கிலுகிலுன்னு சத்தம் வருது

ரேஞ்ச் பேக்கை ஊருக்குப் போற பையா எடுக்கவே எடுக்காதீங்க. மூலைல, லைனிங் ஓட்டைக்குள்ள, சாக்ஸ் அடியில ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்தாலும் சென்னை ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல தெரியும், இந்திய ஆயுதச் சட்டம் 1959-ல கேஸ், அம்மா வெளிய மாலையோட நிப்பாங்க நீங்க உள்ள ஸ்டேட்மென்ட் எழுதிட்டிருப்பீங்க. துப்பாக்கிக்குன்னு தனிப் பை, அது கேரேஜைத் தாண்டி வரக் கூடாது. கிளம்பறதுக்கு முந்தின நாள் சூட்கேஸை ஜிப் ஜிப்பா திறந்து தலைகீழா கொட்டி, லைனிங்கை விரலால தடவிப் பாருங்க.